ஆலங்குளம் வரைக்கும் குளிர்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில், செங்கோட்டை சாலையில் முகம்மது ரபீக்கின் ஒர்க்ஷாப்பில் என் காருக்கு பிரேக் மாற்றக் காத்திருந்தபோது அதுவாகக் காதில் விழுந்தது. கேட்டது பாதி, கட்டியது பாதி. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்புகிறது.

முதலில் எழுதிய தொடக்கம்:

'கையுறை அணிந்த கை ஒன்று பானெட்டைத் திறந்தது. கத்தி மின்னியது. அந்த மெல்லிய குழாயை ஒரே –'

வேண்டாம். முப்பது வருடத் தொடர்கதைப் பழக்கம். ஏசியில் சூடான காற்று வந்தால்கூட வில்லனைத் தேடுகிறேன்.

இரண்டாவது:

'முத்துசெல்வியின் டாக்ஸியில் ஏசி குளிரவில்லை.'

விறுவிறுப்பு இல்லை. ஆனால் நிஜம். இதிலேயே போவோம்.

2

முத்துசெல்விக்கு முப்பத்தாறு வயது. சொந்த வேன். தென்காசி ஸ்டாண்ட். மறுநாள் காலை அவள் சிவசைலத்தைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சிவசைலம் ஆய்க்குடியில் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தருபவர். ஏழு வருடங்களுக்கு முன் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. கைகள் ஓரளவு அசையும். கால்களுக்கு அசைவு இல்லை. இன்னொன்றும் இல்லை: வியர்வை. வியர்க்காத உடம்புக்குத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தெரியாது. அரைமணி நேரம் புழுக்கத்தில் உட்கார்ந்தால் காய்ச்சல்போல் ஏறி, நினைவு தப்பும்.

பதினொரு மணிக்கு ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. போன தடவை வெயிலுக்குப் பயந்து போகாமல் விட்டார். இதையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

(இங்கே பேனா நின்றது. சக்கர நாற்காலியைக் காட்டி உங்கள் கண்ணைக் கசக்கப் பார்க்கிறேனோ? சந்தேகம் வந்ததும் அவரை இறக்கிவிட்டு, மேக்கப் கலையாமல் போகவேண்டிய ஒரு கல்யாணப்பெண்ணை ஏற்றினேன். அபர்ணா என்று பெயரும் வைத்தேன். அபர்ணா கண்ணாடியை இறக்கினாள், வியர்வையைத் துடைத்தாள், சிரித்தபடி போய்ச் சேர்ந்தாள். மூன்றே பத்தி. சிவசைலத்திடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி கூப்பிட்டேன்.)

3

"காத்து வருதா?" என்றார் ரபீக்.

"வருது பாய். ஹேர் டிரையரை மூஞ்சில பிடிச்ச மாதிரி வருது."

அவர் எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்தார். கம்ப்ரசர் 'டக்'கென்று பிடித்தது. இரண்டு நொடியில் 'டக்'கென்று விட்டது. மின்விசிறி சுற்றியது. கேஸ் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். இரண்டு ஊசிகளும் எழ மனமில்லாமல் கீழேயே கிடந்தன.

"கேஸ் கம்மி."

"அப்பம் ரொப்பிவிடுங்க, நான் கெளம்புதேன்."

"ரொப்புறது அஞ்சு நிமிஷம். முந்தி இருந்தது எந்த வழியாப் போச்சோ, இதுவும் அதே வழியாத்தான் போவும். நாளைக்கு நடுரோட்டுல நின்னு என்னையத்தான் வைவ."

சோப்பு நுரையைக் குழாய் மூட்டுகளில் பிரஷால் தடவினார். கம்ப்ரசரின் பக்கத்து மூட்டில் ஒரு குமிழி நிதானமாக ஊதியது. பின்னால் இன்னொன்று.

"கடைசியா ஏசி எப்பம் போட்ட?"

"மே மாசம்."

"அதுக்குப் பொறவு?"

"சாரல்ல எவன் பாய் ஏசி போடுவான்? கண்ணாடிய இறக்குனா குத்தாலமே உள்ள வருது. போடச் சொல்லுத டூரிஸ்ட்ட நானே கேலி பண்ணுவேன்."

"அந்தப் பெருமதான் கெடுத்துச்சு. மூணு மாசம் ஓடல, உள்ள எண்ணெய் சுத்தல. ரப்பர் வளையம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஓடவிட்டா ஒண்ணும் ஆயிருக்காது. இந்த சீசன்ல நீ எனக்கு ஒம்பதாவது வண்டி."

ஆக, வில்லன் கிடைத்துவிட்டான். கையுறை இல்லை. சாரல்.

4

வளையத்தை மாற்றினார். பம்பைப் போட்டு உள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தார். பம்பை நிறுத்தினார். இனி அரைமணி நேரம் ஊசி அசையக்கூடாது. அசைந்தால் இன்னும் எங்கோ ஓட்டை.

நான் எழுதிய கிளைமாக்ஸ்களில் துப்பாக்கி உண்டு, மொட்டைமாடி உண்டு. எதுவும் நடந்துவிடக்கூடாதே என்று மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தது இது ஒன்றுதான்.

ஊசி அசையவில்லை. கேஸ் ஏறியது. குளிர்ந்தது. ரபீக்கின் முகம் மட்டும் தெளியவில்லை.

"கம்ப்ரசரோட முன்பக்க சீலும் இதே மாதிரி காஞ்சுதான் கெடக்கும். இப்பம் பிடிக்குது. வெயில்ல ஓடுறப்பவும் பிடிக்குமான்னு தெரியல. புதுசு வர மூணு நாளாவும்."

செல்வி சிவசைலத்தைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள். "சார், வேற வண்டி பாக்கட்டா?"

"என் சேர் ஏறுதது உங்க வேன்ல மட்டுந்தான, செல்வி?"

"பாய் காரண்டி குடுக்க மாட்டேங்காரு சார்."

"எனக்கு எந்த டாக்டரும் காரண்டி குடுக்கல. எத்தன பர்சன்ட்டுன்னு கேளுங்க."

ரபீக் யோசித்தார். "எழுவது."

"பாஸ் மார்க்குதான. போவோம்."

ரபீக் ஒரு குட்டி வெப்பமானியை நீட்டினார். "இத ஏசி வாயில சொருவு. இப்பம் ஒம்பது டிகிரி. ஆலங்குளம் வரைக்கும் சாரக்காத்து தொணைக்கு வரும். அதுக்குள்ள பதினஞ்சைத் தாண்டிச்சுன்னா திரும்பிரு. மேல போவாத."

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அவர் கல்லூரி வாசலில் இறங்குகிறார். இதமான முடிவு. எழுதிய நானே அதை நம்பவில்லை.

இரண்டாவதில் ஆலங்குளத்தில் வண்டி திரும்புகிறது. செல்வி அழுகிறாள், அவர் அவளைத் தேற்றுகிறார், அப்புறம் –

இல்லை.

ரபீக்கின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஒரு அழைப்பில் தெரிந்துவிடும். அழைக்கவில்லை. நான் கட்டிய கடைசிக் காட்சியோடு நிறுத்துகிறேன்.

காலை எட்டே முக்கால். எதிர்வெயில் முன்கண்ணாடி முழுக்க. புறப்படும்போதே சிவசைலம் சொல்லியிருந்தார்: "வெப்பமானியப் பின்பக்க ஏசி வாயில சொருவுங்க. நான் பாத்துக்கிடுதேன். நீங்க ரோட்டப் பாருங்க." அதனால் எண் அவருக்கு மட்டுமே தெரியும். ஆலங்குளத்து முதல் வேகத்தடையில் வண்டி மெதுவானது.

"சார், எத்தன காட்டுது?"

வெப்பமானி காட்டியது: [     ]

அவர் சொன்னது: [     ]

நிரப்புங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.