பாக்கெட்டின் பின்பக்கம்

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் உள்ள அந்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த சட்டைகளைச் சோதிக்கும் மேசையில் சர்மிளாவும் ரிப்காவும் எதிரெதிரே நிற்பார்கள். சர்மிளா பன்விலைக்காரி, ரிப்காவுக்கு ஊர் மடவளை. சர்மிளாவின் பலாக்காய்க் கறி அந்தப் பக்கம் போகும், ரிப்காவின் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பம் இந்தப் பக்கம் வரும். போன வருஷம் வரை அப்படித்தான் இருந்தது.

போன வருஷம் சர்மிளா கண்டியில் வாங்கிய மார்ஷ்மெல்லோ ஒன்றை ரிப்காவின் வாயில் திணித்துவிட்டாள். அதில் பன்றி ஜெலட்டின் இருந்தது பிறகுதான் தெரிந்தது. ரிப்கா துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள். "தெரியாமத் தந்தது டீ, வுடு" என்று சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு சர்மிளா எதைக் கொடுத்தாலும், "பொறகு தின்றன்" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். அது சர்மிளாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. தான் கொடுப்பதை ரிப்கா தன் கண்முன்னே தின்ன வேண்டும், அவளுக்கு அதுதான் வேண்டும்.

தம்பி யுகேஷ் கொரியாவிலிருந்து லீவில் வந்தபோது, அவன் பையைக் கட்டிலில் கொட்டி உட்கார்ந்துவிட்டாள். கொரிய எழுத்தின் மேல் போனைப் பிடித்து, அது மொழிபெயர்த்துக் காட்டியதை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"சோளப்பொரியில என்னாக்கா இருக்கப் போகுது?"

"மசாலாவுல பன்னித் தூளு. வை அந்தப் பக்கம்."

"அப்ப பிஸ்கட்டு?"

"என்னா கொழுப்புன்னு போடல. சந்தேகம்னா வேணாம்."

"நீங்க எப்பக்கா முஸ்லிமானீங்க?"

கடைசியில் மிஞ்சியது, டோஹாவில் விமானம் மாறும்போது அவன் வாங்கிய பழ ஜெல்லி இரண்டு பாக்கெட். முன்னால் பெரிதாக ஹலால் முத்திரை. சர்மிளாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை உடைத்து வீடே தின்று தீர்த்தது. மற்றது ரிப்காவுக்கு.

மறுநாள் தேநீர் இடைவேளையில் அதை நீட்டினாள். ரிப்கா முத்திரையைப் பார்த்தாள். பிறகு பாக்கெட்டைத் திருப்பி, சட்டைத் தையலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பொடி எழுத்தை வாசிக்கத் தொடங்கினாள்.

சர்மிளாவின் முகம் விழுந்தது. "முன்னால போட்டிருக்குல்ல? இன்னும் என்னா பாக்குற? என்மேல நம்பிக்கையே இல்லையா?"

ரிப்கா கடைசி வரி வரை வாசித்து முடித்தாள். பாக்கெட்டை உடைத்தாள். ஆசையோடு ஒன்றை எடுக்கப்போன சர்மிளாவின் கையைப் பட்டென்று பிடித்தாள்.

"நீ திங்காத. மாட்டு ஜெலட்டின் ஈக்கி. எனக்கு முன்பக்கம் போதும் டீ. பின்பக்கம் ஒனக்காகத்தான் பார்த்தன்."

சர்மிளா வீட்டில் ஆடும் கோழியும் சமைப்பதுண்டு. மாட்டிறைச்சி வாசல்படி ஏறாது. அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் எல்லாத்தையும் பைக்குள்ள போட்டது?"

"பின்ன? நான் வாயில வச்சா நீ பாக்கெட்டயும் என்ட மொகத்தயும் மாறி மாறிப் பாக்குற. சோதனைக்கு வந்த ஆள் மாதிரி. அதான் பஸ்ஸுல போகக்குள்ள நிம்மதியாத் திண்டன்."

சர்மிளாவுக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ ரிப்கா! நேத்து அம்மா நாலு தின்னுச்சு. பல்லுக்கு இதமா இருக்குன்னு இன்னும் கேட்டுச்சு."

"சொல்லிராத. பாவம், கோயிலுக்குப் போற மனுசி."

"சொல்லாம இருந்தா இன்னொரு பாக்கெட்டு வாங்கிட்டு வரச்சொல்லும்!"

இருவரும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரிப்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நூல் தூசி படிந்த கைகளைக் காட்டினாள்.

"என்ட கை ஊத்தை. நீ போடு."

சர்மிளா சிவப்பு ஜெல்லி ஒன்றை எடுத்து அவள் வாயில் வைத்தாள். ரிப்கா மென்று விழுங்கும்வரை சர்மிளா வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.