மூன்றாம் பம்பில் நிற்பவர்

1988ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை, ஓசூர் சிப்காட்டில் இருந்த ஒரு குளுக்கோஸ் ஆலையில், மூன்றாம் பம்பின் வால்வுச் சக்கரத்தைப் பிடித்த எல்லப்பனின் இரண்டு கைகளும் அதிலேயே நின்றுவிட்டன. கால்களும் தரையை விட்டு எழவில்லை. மூச்சு இருந்தது, பேச்சு இருந்தது, பசியும் இருந்தது. நகர மட்டும் முடியவில்லை. அந்த வாரம் தளிப் பக்கத்து முட்டைக்கோசு விலை சரிந்து, மூட்டை மூட்டையாக மாட்டுக்குக் கொட்டினார்கள். அதனால் ஊரில் பேச்செல்லாம் முட்டைக்கோசைப் பற்றியே இருந்தது.

எல்லப்பன் நகர முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு படம். அதை வரைந்தவள் நஞ்சம்மா. தளிக்காரி, வீட்டில் கன்னடம், ஐ.டி.ஐ.யில் வரைபடம் படித்தவள். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று காட்டச் சுவரை அடைத்து நின்ற விளக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஆலையில் கம்ப்யூட்டர் திரைகளை வைத்தபோது அவளை வேலைக்கு எடுத்தார்கள். திரையில் ஓடும் எண்களை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அந்த எண்களுக்குப் பின்னால் மாறாமல் நிற்க வேண்டிய தொட்டி, குழாய், பம்பு, கொதிகலன் எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வரைந்து ஏற்றுவது அவள் வேலை. ‘ஸ்டாடிக்’ என்பார்கள். அசையக் கூடாத படம். ஒருமுறை கொதிகலனுக்கு மேலே இடம் காலியாகக் கிடக்கிறதே என்று, கேன்டீனில் சுற்றும் பூனையை விளையாட்டாக வரைந்து வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பூனை கொதிகலன் கூரையை விட்டு இறங்கவில்லை. யாராவது ஏறிப் பால் வைத்தால் குடிக்கும். பூனைக்கு வயசாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மேலாளர் தங்கதுரை மட்டும் ஒரு நாள் வெயிலில் நின்று கூரையைப் பார்த்தார், உள்ளே போய்த் திரையைப் பார்த்தார், மறுபடி கூரையைப் பார்த்தார், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரர். அவர் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ.

எல்லப்பன் ஊத்தங்கரைக்காரர், பம்பு ஆபரேட்டர், சங்கத் தலைவர். ஆலையில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்று நஞ்சம்மா ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதற்காக, மேலாளர் அறை வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக் கட்ட வைத்தவர். அந்த ஆடியில் ஒப்பந்த ஆட்களை நிரந்தரமாக்கச் சொல்லி வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தார். அப்போதுதான் தங்கதுரை நஞ்சம்மாவைக் கூப்பிட்டு, மூன்றாம் பம்பின் வால்வு கையால் திருப்புவது என்று திரையைப் பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை, பக்கத்தில் ஒரு ஆளை வரைந்துவிடு என்றார். எந்த ஆள் என்று கேட்டாள். எல்லப்பனையே வரையேன், அவர்தானே அங்கே வேலை பார்க்கிறார், அவருக்கும் ஒரு மரியாதை என்றார்.

அவளுக்கு அது பிடித்துப்போனது. ஆலையில் ஒரு திருகாணிகூட விடாமல் படத்தில் இருந்தது, ஆலையை ஓட்டுகிற மனிதர் ஒருவரும் இல்லை. எல்லப்பனும் சிரித்துக்கொண்டே வந்து, தொப்பையை உள்ளே இழுத்து, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து நின்று காட்டினார். தோள் துண்டைக்கூட அவள் விடவில்லை. அந்தப் படத்தை, கம்ப்யூட்டரில் செருகுகிற ஒரு சிப்பில் பதித்து வைத்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்க வேண்டிய காலை, குளுக்கோஸ் பாகு குழாயிலேயே இறுகிவிடக் கூடாது என்று எல்லப்பன் வால்வை மூடிவிட்டு வர உள்ளே போனார். அந்த நேரம் பார்த்துத் தங்கதுரை சிப்பைச் செருகச் சொன்னார்.

வாசலில் கொடியோடு நின்றவர்கள் தலைவருக்காகக் காத்திருந்தார்கள். தங்கதுரை பத்துப் பேரை உள்ளே அழைத்துப்போய், உங்கள் தலைவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் பாருங்கள் என்று காட்டினார். நிஜம்தான்; அன்று ஆலையில் வேலையில் இருந்த ஒரே தொழிலாளி அவர். கை வரவில்லை என்று அவர் கதறியதை ஒருவரும் நம்பவில்லை. சங்கச் செயலாளர் ஆஞ்சப்பன் அவர் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான். வேலைநிறுத்தம் அன்றே நமுத்துப்போனது. ஒப்பந்த ஆட்களை அந்த வாரமே வெளியே அனுப்பினார்கள்.

நஞ்சம்மாவுக்குப் பூனை ஞாபகம் வந்தது. பம்பு ஷெட்டுக்கு ஓடினாள்.

“அண்ணா, நான்தாண்ணா. நான் வரைஞ்சதாலதான் இப்படி.”

“யார் சொல்லி வரைஞ்ச?”

“தங்கதுரை சார்.”

எல்லப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்து மட்டும் திரும்பியது. அதன்பிறகு இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. அவள் தங்கதுரையிடம் போய் அழுதாள். படம் நீ வரைந்ததுதானே என்றார் அவர். சிப்பை மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரம் ஆலையை நிறுத்த வேண்டும், சங்கம் கேட்டால் நிறுத்துகிறேன், எனக்கென்ன என்றார்.

சங்கத்துக்கு உண்மை புரியக் கொஞ்சகாலம் ஆனது. சக்கரத்தை அறுத்துப் பார்த்தார்கள். படத்தில் சக்கரம் முழுசாக இருந்ததால் அறுத்த இடம் அடுத்த ஷிப்டுக்குள் கூடிக்கொண்டது. அப்புறம்தான் நம்பினார்கள். ஆஞ்சப்பன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுபடி அவரையே தலைவராக்கினார்கள். அவர் மனைவி ராஜாத்தி தினமும் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போகக் கம்பெனி பாஸ் கொடுத்தது. எல்லப்பன் நின்றபடி தூங்கக் கற்றுக்கொண்டார். நம்ம ஆளுங்க நம்மை விட மாட்டாங்க என்று ராஜாத்தியிடம் அடிக்கடி சொன்னார்.

அந்த நம்பிக்கைக்கு இரண்டு வருஷம் கழித்துப் புரட்டாசியில் சோதனை வந்தது. ஆலையை நிறுத்திப் படத்தை அழிப்பதா என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டார்கள். தலைவர் நகர முடியாது என்பதால் பம்பு ஷெட்டிலேயே, அவரைச் சுற்றி. ஒரு வாரம் நின்றால் அந்தத் தீபாவளிக்கு போனஸ் கிடையாது என்று முதல்நாளே அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆஞ்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தலாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றான். எல்லோரும் பம்பைப் பார்த்தார்கள். சிலர் செருப்பைப் பார்த்தார்கள். அவர் சேர்த்துவிட்டவன், அவர் கல்யாணம் பண்ணிவைத்தவன், பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவன் எல்லோரும் இருந்தார்கள். வாசலருகே நின்ற நஞ்சம்மா ஒருத்தியின் கை மட்டும் மேலே போனது. அவள் சங்கத்தில் இல்லை என்பதால் கணக்கில் எடுக்கவில்லை. எல்லப்பனின் கைகள் சக்கரத்தில் இருந்ததால், தலைவர் நடுநிலை வகித்தார் என்று ஆஞ்சப்பன் அறிவித்தான். கூட்டம் சீக்கிரம் கலைந்தது. நஞ்சம்மா தூக்கிய கையை இறக்காமலே நின்றாள்.

“கைய எறக்கு நஞ்சம்மா, நோவப் போவுது” என்றார் எல்லப்பன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. பிறகு, “நீ தெரியாம செஞ்ச. இவனுங்க தெரிஞ்சே செஞ்சானுங்க” என்றார்.

நஞ்சம்மா அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுத் தளிக்குப் போய்க் காரட் போட்டாள். பிறகு எதையும் வரையவில்லை, வாசலில் கோலம்கூட. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். கை தூக்காதவர்கள் முதலில் மூன்றாம் பம்புப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள். தை பிறப்பதற்குள் நேராகவே போனார்கள். அப்புறம் அவர் முழங்கையில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு வேலை பார்த்தார்கள். தலைவர் என்றால் நாலு இடம் போய்வர வேண்டும் என்று சொல்லி ஆஞ்சப்பன் தலைவரானான். தங்கதுரை பெரிய பதவியில் பெங்களூர் போனார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இது கொதிகலன், இது பாகுத் தொட்டி, இவர் எல்லப்பன் என்று காட்டினார்கள். அவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனார்கள்.

1996இல் சங்கம் ஆலைச் சுவரை ஒட்டிச் சொந்தக் கட்டடம் கட்டி, அதற்கு எல்லப்பன் நினைவு மன்றம் என்று பெயர் வைத்தது. திறப்பு விழாவில் அவருடைய பழைய போட்டோவைப் பெரிதாக்கி, பொட்டு வைத்து, ரோஜா மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றினார்கள். அவர் செய்த தியாகத்தைப் பற்றிப் பேசும்போது ஆஞ்சப்பனுக்குக் குரல் உடைந்தது. மேடையில் ராஜாத்திக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் கேட்டைத் தாண்டிப் பம்பு ஷெட்டுக்குப் போய், தூக்குவாளியைத் திறந்து, களியை உருட்டிக் கீரைக் குழம்பில் தோய்த்தாள். பம்பு இரைச்சலில் மைக் சத்தம் வந்ததே தவிர, பேச்சு புரியவில்லை.

“என்னா சத்தம் அது?” என்று கேட்டார் எல்லப்பன்.

“எவனோ செத்துட்டானாம். நீ வாயத் தொறய்யா” என்றாள் ராஜாத்தி.

அவர் வாயைத் திறந்தார்.