பதினோராயிரம் அடிக்குள் அடங்காதவள்

1994 தை மாதம், தாராபுரத்துக் கொட்டகை ஒன்றில் பகல் காட்சி ஓடும்போது, பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் காப்பித் தட்டோடு வந்த வேலைக்காரப் பெண் உள்ளே திரும்பிப் போக மறுத்துவிட்டாள். ரீல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பட்டாளத்துக் கதாநாயகனும் கதாநாயகியும் கொஞ்சலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அவளோ வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நின்றாள். மறுநாளும் அப்படியே. பிலிமைக் கழுவிப் பார்த்தார்கள், மிஷினுக்கு எண்ணெய் விட்டார்கள், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள்.

அந்த வேடத்தில் நடித்த ரம்லாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. கோவை கோட்டைமேட்டில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். உலகப்போர் நடந்த 1943இல் கோவையில் எடுத்த அந்தக் காதல் நகைச்சுவைப் படத்தில் அவருக்குத் தையற்காரனைக் காதலிக்கும் சஃபியா வேடம். ஒரு வரி வசனமும் உண்டு, கடைசியில் நிக்காஹ்வும் உண்டு. பிலிம் பஞ்சத்தால் பதினோராயிரம் அடிக்கு மேல் படம் கூடாதென்று சர்க்கார் உத்தரவு போட்டது. கதாநாயகியின் பத்துப் பாட்டில் ஒன்றிலும் பட முதலாளி கைவைக்கவில்லை. நிக்காஹ் போனது. சஃபியா வாயைத் திறக்கும் இடத்தில் கத்தரி விழுந்தது. வெட்டிய பிலிம், பிலிமை உருக்கி வளையல் செய்யும் பட்டறைக்குப் போய்விட்டது. எழுத்துப் போடும்போது ரம்லா ‘மற்றும் பல’ரில் ஒருவர். சாவதற்குள் அந்த ஒரு வரியைக் கொட்டகையில் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

கொட்டகைக்காரர் பாலுசாமி விசாரித்துக்கொண்டு கோட்டைமேட்டுக்கே வந்து நின்றார். “ஏனுங்கம்மா, அந்த ஒத்த வரியச் சொல்லிப்போட்டீங்கன்னா புள்ள நகுந்துக்குவாளுங்க.”

ரம்லா பஸ் ஏறிப் போனார். திரைக்கு முன் நின்று ஒரு வரியைச் சொன்னார். பெண் தலையசைத்து மறுத்தாள். இன்னொன்றைச் சொன்னார். அதுவும் இல்லை. மூன்று நாள், ஒன்பது காட்சி, நூற்றுக்கு மேல் வரிகள். ஐம்பது வருடமாக அக்கம்பக்கத்தில் அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னதில், அசல் வரி தேய்ந்து காணாமல் போயிருந்தது. அவர் மண்டையில் அடித்துக்கொண்டு அழுதார். பாவம், வேறென்ன செய்வார்?

“எனக்கு மறந்துபோச்சு கண்ணு, என்னை மன்னிச்சுரு” என்றார்.

பெண் தட்டைச் சோபாவில் வைத்துவிட்டுத் திரையிலிருந்து இறங்கி வந்தாள். கோவை பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். கறுப்பு வெள்ளை ஆளுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. அடுத்த வருடம் ரேஷன் கார்டில் அவள் பெயர் ஏறியது. தலையணை உறைகளுக்கு அவள் காஜா எடுக்கிறாள். வாய் இன்னும் பாதி திறந்தேதான் இருக்கிறது. ரம்லா தினமும் ஒரு வரியைச் சொல்லிப் பார்க்கிறார், அவள் தினமும் தலையசைக்கிறாள்.

படம் காங்கேயத்தில் இரண்டு வாரம் ஓடியது, காரமடைத் தேருக்கு மூன்று வாரம். கதாநாயகனும் கதாநாயகியும் காப்பியைத் தாங்களே எடுத்துக் குடித்துக்கொண்டார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படத்தில் ஓர் ஆள் குறைகிறதே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.