பிள்ளை படிக்குது

அன்னம்மா அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். விடியற்காலையில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தவள் அவளுடைய அண்ணி பூவம்மா. கேலாங்கிலிருந்து வந்த அத்தை படியேறும்போதே மாரில் அடித்துக்கொண்டுதான் வந்தாள். வாசலில் அண்ணன் மருதப்பன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“மெதுவா அன்னம்மா. பிள்ளை படிக்குது. நாளைக்கு சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை.”

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் மகள் ராஜாமணிக்கு அது கேட்டது. மடியில் ஜியோமெட்ரி புத்தகம். ஒரு முக்கோணமும் தலையில் ஏறவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி எழுந்தாள். சாயங்காலம் அம்மாவை எடுத்துவிடுவார்கள்.

பஃபலோ ரோட்டில் அந்த மாடியையே அடக்கி ஆண்டவள் அம்மா. எழுத்து வாசனை இல்லாதவள். ராஜாமணி புத்தகத்தை எடுத்தால் போதும், கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவாள்.

“சத்தம் போடாதீங்கலா, பிள்ளை படிக்குது!”

பக்கத்து அறை பதுருன்னிசாவின் ரெடிஃபியூஷன் ரேடியோப் பெட்டி வாயை மூடும். கீழே மாவு மில் சேதுபதிகூட, “இவ மக கவர்னராவப் போறா!” என்று முணுமுணுத்தபடி மெஷினை நிறுத்துவார். அந்த அமைதியில்தான் ராஜாமணி வகுப்பில் முதலாவதாக வந்தாள். சில நாள் அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்ததுண்டு.

இன்றும் எல்லாரும் அம்மா பழக்கிவிட்டபடியே நடந்தார்கள். மூக்கை உறிஞ்சுவதைக்கூட அடக்கிக்கொண்டார்கள். சாவு வீடு மாதிரியே இல்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“சத்தமா இருக்காம்மா? கதவைச் சாத்தவா?”

ராஜாமணி புத்தகத்தை மூடினாள்.

“நாளைக்குப் பரீட்சைக்குக் கண்டிப்பா போறேம்ப்பா. இப்ப அவங்கள அழ விடுங்க. அம்மாவுக்கு அழ ஆளில்லாத மாதிரி இருக்கு.”

அப்பா விலகி வழிவிட்டார். ராஜாமணி வெளியே வந்து, அத்தையின் வாயிலிருந்த முந்தானையை இழுத்தாள்.

“அழுங்கத்தை. நான் படிக்கல.”

அத்தை அண்ணியின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மாடியே அதிரும்படி ஓலமிட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ராஜாமணியின் கண் பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் போயிற்று. கரண்டி ஆணியிலேயே தொங்கியது.