ஓணத்துக்கு இரண்டு கிலோ இறால்

தெர்மோகோல் பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் 'சாவித்ரி' என்று எழுதியிருந்தது. ஓணம் போனஸ். பத்தொன்பது வருடமாகக் கவரில் வந்துகொண்டிருந்தது, இந்த வருடம் இரண்டு கிலோ உறைந்த இறாலாக வந்திருக்கிறது.

"இந்த வருஷம் கையில காசு இல்ல மேடம். எல்லாருக்கும் இதாக்கும்," என்றார் முதலாளி ஹரிகுமார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்திலிருந்து வருகிறவளுக்கு இறாலைக் கொடுக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. "ஸார், நாங்க இதெல்லாம்..." என்று அவள் ஆரம்பித்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் மேஜையில் ஒரு பட்டியல் கிடந்தது. ஓணம் கழிந்து யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று. வைத்துக்கொள்ளும் சில பெயர்களுக்கு நேரே டிக் இருந்தது. தன் பெயருக்கு நேரே இருக்கிறதா என்று தலைகீழாகப் படித்துப் பார்த்தாள், முடியவில்லை. இந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிக் கண்ணில் படுவானேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கணவர் ஸ்ரீனிவாசன் வேலையில்லாமல் உட்கார்ந்து இரண்டு வருடமாகிறது. வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

இறாலைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. பவுண்டுக்கு எத்தனை நிற்கும், ஐஸ் பூச்சு எத்தனை சதவீதம், வாலை விட்டு உரித்ததா முழுக்க உரித்ததா, எல்லாம் ஏற்றுமதிப் பத்திரத்தில் அடித்து அடித்து மனப்பாடம். தொட்டதில்லை, அவ்வளவுதான். தெருவில் கேட்டால் "எக்ஸ்போர்ட் கம்பெனி" என்பாள். முந்திரிப்பருப்பு என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை.

அமெரிக்காவில் வரியை ஐம்பது சதவீதமாக்கியதிலிருந்து இரண்டு கன்டெய்னர் சரக்கு குளிர்கிடங்கில் அசையாமல் கிடக்கிறது. டில்லியில் பேச்சுவார்த்தை என்று டிவியில் சொல்லும் நாட்களில் ஆபீசில் ஒரு மணி நேரம் எல்லாரும் சிரித்துப் பேசுவார்கள். அவள் மெயிலைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். வாங்குகிறவனிடமிருந்து ஒரு வரி இருக்காது. இப்போதெல்லாம் சாம்பாருக்குப் பருப்பு வேகும்போதும் கைபேசியைப் பார்க்கிறாள்.

ஆட்டோ கிழக்கேகோட்டையைத் தாண்டுவதற்குள் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வழியில் வீசவும் மனம் வரவில்லை, போனஸ் அல்லவா. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விழிஞ்ஞத்துக்குப் போ," என்றாள் டிரைவரிடம்.

விழிஞ்ஞத்தில் பிந்து இருக்கிறாள். குளச்சலிலிருந்து கல்யாணமாகி வந்தவள், கம்பெனியின் உரிக்கும் கொட்டகையில் நாலாம் நம்பர் மேசைக்காரி. மூன்று வாரத்துக்கு முன் நாற்பது பெண்களோடு அவளையும் வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அந்த நோட்டீசை அடித்தது சாவித்ரி.

பிந்துவின் வீட்டு வாசலில் நின்றால் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். வீடு மாதிரி பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒரு கப்பல் நின்றிருந்தது. யாருடைய சரக்கோ.

"சேச்சியா? ஓர்டர் வந்தாச்சா?" என்று ஓடி வந்தாள் பிந்து.

"இல்லடீ." சாவித்ரி பெட்டியை நீட்டினாள். "ஓணத்துக்குக் குடுத்தா. இத நான் எங்காத்துக்குக் கொண்டு போக முடியுமா, சொல்லு. நீ வச்சுக்கோ."

பிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். பெட்டியைத் திண்டில் வைத்து டேப்பைக் கிழித்து, பாக்கெட்டைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"நாலாம் மேசை. இது நான் உரிச்ச றாலாக்கும்."

"அந்த நோட்டீஸ் நான்தான் டைப் பண்ணினேன், பிந்து."

"தெரியும். அந்தக் கம்பெனியில வேற ஆருக்கு டைப்படிக்கத் தெரியும்?"

கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சாவித்ரிக்கு. பிந்து பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து, ஓர் இறாலை எடுத்தாள்.

"கையை நீட்டுங்க. பத்தொம்பது கொல்லமா இதுக்க கணக்கை எழுதினீங்கல்லியா. ஒண்ணைப் பிடிச்சாவது பாருங்க."

மறுக்கத்தான் நினைத்தாள். கை தானாக நீண்டது. சில்லென்று உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஓடில்லாமல் வால் மட்டும் விட்ட, சுண்டுவிரலளவு ஒன்று. முதுகில் நேராக ஒரு கீறல், பிந்துவின் கத்தி போட்டது. அருவருப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பத்திரத்தில் எழுதியது அத்தனையும் சரியாகத்தான் இருந்தது.

அப்போது தோள்பையில் கைபேசி அடித்தது. எட்டிப் பார்த்தாள். ஹரிகுமார். ஐந்து மணிக்குமேல் அவர் கூப்பிட்டதே இல்லை. பட்டியலில் டிக் போடாத வரிகள் நினைவுக்கு வந்தன. இரண்டு கையும் ஈரம். எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள்.

"எடுங்க சேச்சி, ஓர்டராயிருக்கும்!" பிந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவளே பைக்குள் கையை விட்டு எடுத்து, பச்சையைத் தள்ளி, சாவித்ரியின் காதில் வைத்தாள்.

ஐஸில் ஊறி ஊறித் தோலுரிந்த விரல்கள் கன்னத்தில் உரசின. மறுமுனையில் ஹரிகுமார் தொண்டையைச் செருமினார். பிந்து மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் இறால் மெல்ல இளகி, மணிக்கட்டு வழியாக வளையலுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.