இரண்டு நிமிடத்துக்கு ஓர் உயரமான கட்டடம்

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை, ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒருத்தி கலைமதி, மற்றவள் அலீனா. பெயர்கள் நான் வைத்தவை. (உண்மைப் பெயர்களை எழுதினால் சாயங்காலத்துக்குள் ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் ஊர் அவ்வளவுதான்.)

இருவரும் நர்ஸ்கள். அன்று சென்னையில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு எழுதிவிட்டு (எழுதி என்பது தவறு, பேசிவிட்டு) திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் சேர அந்தத் தேர்வில் மதிப்பெண் வாங்கியாக வேண்டும். அலீனா சின்னவள், அவளுக்கு இது முதல் தடவை, வராவிட்டால் இன்னொரு முறை போவாள். கலைமதிக்கு இது மூன்றாவது. இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லி இந்த மாதக் கடைசிவரை இடம் வைத்திருக்கிறது. இந்த முறையும் மதிப்பெண் வராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

இவ்வளவும் பாதி வழிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பாதி வழியில் தெரியாமல்போன ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அழிக்காமல் உங்கள் முன் வைக்கிறேன்.

"கலைமதிக்குச் சின்ன வயதிலிருந்தே உயரம் என்றால் பயம்."

(அவள் அப்படிச் சொல்லவே இல்லை. உயரமான கட்டடத்தைப் பற்றிய கதை என்பதால் அந்தப் பயம் எனக்குத் தேவைப்பட்டது.)

"மூன்று மலைகளைத் தன் தோள்களாகக் கொண்டு கம்பீரமாக எழுந்து நிற்கும் செஞ்சிக் கோட்டையின்"

(இதை முடிக்க வேண்டாம். சுற்றுலாப் பலகையில் இதைவிட நன்றாக எழுதியிருப்பார்கள்.)

"நிலா, அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, 'எப்பம்மா திரும்பி வருவ?' என்று கேட்டாள்."

(நிலா என்று ஒரு குழந்தை இந்தக் கதையில் கிடையாது. உங்களைக் கலங்கவைப்பதற்காகக் கூட்டிவந்தேன். கலைமதிக்குக் குழந்தை உண்டா என்பதே எனக்குத் தெரியாது. ஒரு பெண் தான் படித்த வேலையைப் பெரிய ஆஸ்பத்திரியில் செய்துபார்க்க ஆசைப்பட்டாள் என்றால் அது மட்டும் போதாதா? போதும் என்று முடிவுசெய்து குழந்தையை அனுப்பிவிட்டேன்.)

3.

அடுத்து, இருவருக்கும் ஆங்கிலம் சொல்லித்தரும் பெரியதம்பி சார். இவரைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு தவறு நேர்ந்தது. முதல் பிரதியில் இவருக்குக் கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் தடிச் சங்கிலியும் போட்டு மோசடிக்காரர் ஆக்கியிருந்தேன். பின்சீட்டுப் பேச்சை மறுபடி நினைவுபடுத்திப் பார்த்தபோது இரண்டையும் கழற்றவேண்டியதாயிற்று.

கடைவீதியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் சாரின் ஆங்கில வகுப்பு நடக்கிறது. தனக்கு ஆங்கிலம் எப்படி வந்ததோ அப்படித்தான் அவர் சொல்லித்தருகிறார். அவர் ஒரு வரி சொல்வார். வகுப்பு முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும். நானும் அந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். வாய்ப்பாடு, செய்யுள், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரே ராகம். யூரியா வாங்கக் கீழே நிற்பவர்களுக்கும் பாதிப் பாடம் மனப்பாடம் என்று அலீனா சொன்னாள்.

"உயரமான கட்டடம் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுக" என்பது அந்தத் தேர்வில் வரக்கூடிய தலைப்பு. அதற்குச் சார் தயாரித்த விடை இது. ஆங்கிலத்தில் இருப்பதை நான் தமிழில் தருகிறேன்:

"துபாயில் பணிபுரியும் என் மாமா, என் பிறந்தநாளன்று என்னை உலகத்திலேயே உயரமான கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார். உச்சியிலிருந்து பார்த்தபோது கார்கள் எறும்புகளைப்போல் ஊர்ந்தன. நான் பேச்சிழந்து நின்றேன்."*

* சித்தப்பா கூட்டிக்கொண்டு போனதாகச் சொல்லக் கூடாதா என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாளாம். "சித்தப்பாலாம் பொறந்தநாளுக்கு எங்கம்மா கூட்டிக்கினு போறாரு? மாமன்தான் செலவு பண்ணுவான்" என்றாராம் சார். அதை மறுக்க என்னாலும் முடியவில்லை.

மனப்பாடமாகப் பேசுகிறவர்களுக்குத் தேர்வாளர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய கவலை வேறு: பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? கையில் ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும். அப்புறம் இன்னொன்று. பெண்பிள்ளைகளைத் தனியாகச் சென்னைக்கு அனுப்ப அவருக்கு மனம் வராது. அதனால் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே தேதி, ஒரே இடமாகப் பார்த்துப் பதிவுசெய்து, போகும்போது எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

என்ன நடந்திருக்கும் என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

4.

"நான் சூப்பரா ஆரம்பிச்சேன்க்கா" என்றாள் அலீனா. "மாமா வந்தாரா, பர்த்டே வந்துச்சா, லிஃப்டுல ஏறுனமா... எறும்பு வரைக்கும் போய்ட்டேன். அந்த எக்ஸாமினரம்மா பேனாவ கீழ வெச்சிட்டு என்னியே பாக்குது."

"அய்யோ."

"'உன்னையும் மாமாதான் கூட்டிக்கினு போனாரா'ன்னு கேக்குது. காலைலேர்ந்து அந்த மாமா மூணு பேர கூட்டிக்கினு போய்ட்டாராம்."

"நீ இன்னாடி சொன்ன?"

"ஆமான்னேன். வேற இன்னா சொல்றது? எனக்கு மாமாவே இல்லக்கா. எங்கம்மாகூட பொறந்தது நாலும் பொண்ணு. 'உங்க மாமா பேரு இன்னா'ன்னு கேட்டுச்சி பாரு. எனக்கு ஒரு பேரும் வர்ல. பெரியதம்பின்னுட்டேன்."

பின்சீட்டில் சிரிப்பு வெடித்தது. கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். நான் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன்.

(தேர்வாளர்கள் அப்படியெல்லாம் கேட்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அலீனா கொஞ்சம் மசாலா தூவியிருக்கலாம். ஆனால் அவள் முகம் வெளுத்து வெளியே வந்ததும், நடைவழியில் தன் முறைக்குக் காத்திருந்த கலைமதியைக் கடந்தபோது குனிந்து ஒன்று சொன்னதும் உண்மை. அதைக் கலைமதியே சொன்னாள்.)

"நீ வந்து 'மாமா வேணாக்கா'ன்னியே, எனக்கு ஒண்ணியும் புரியல. எந்த மாமா, எதுக்கு வேணாம், ஒண்ணும் தெரியல. அதுக்குள்ள வாட்ச்மேன் ஒன்ன தொரத்துறான். உள்ள போயி ஒக்காந்தா அதே கார்டு. உயரமான கட்டடம். அப்பதான் வெளங்குச்சி."

5.

அட்டையைக் கொடுத்துவிட்டு யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள். பிறகு இரண்டு நிமிடம் பேச வேண்டும். கலைமதிக்கு எதிரே மேஜை, தண்ணீர்க் குவளை, குரலைப் பதிவுசெய்யும் ஒரு சின்னக் கருவி. மூன்றாவது முறை. மாமா இல்லை.

நான் நிறையவே உதவி செய்யத் தயாராக இருந்தேன்.

முதலில், கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலை அவளுக்குக் கொடுத்தேன். அடுக்கடுக்காக எழும்பி, மேலே கூம்பாக முடிகிற கட்டடம். துபாயை உதறிவிட்டுச் சொந்த ஊருக்கு வந்துவிட்டாள்! எழுதி முடித்து மிகவும் மகிழ்ந்தேன். அடுத்த நாள் படித்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. செஞ்சிக்காரர்கள் கோட்டைக்குள் போவது வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால்தான். கலைமதி அங்கே பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது ஒருமுறை புளிச்சோறு சாப்பிட்டிருப்பாள். ஊர்ப் பெருமையைச் சுமந்துகொண்டு தேர்வுக்குப் போ என்று அவளிடம் யார் சொன்னது?

அடுத்து, அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி. நான்கு மாடி. மின்சாரம் போய் லிஃப்ட் நின்ற ஒரு நாள், ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறி

(வேண்டாம். நர்ஸ் என்றால் உடனே தியாகம். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லையே!)

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. "நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறேன்" என்று ஆரம்பிக்கிறாள். கண்ணாடிச் சுவர், திறக்க முடியாத ஜன்னல், வாசலில் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்க்கும் காவலாளி. "எனக்கு இது பிடிக்கவில்லை. இதில் வேலை செய்கிற உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று தேர்வாளரையே கேட்கிறாள். கைதட்டல் வாங்கும் வசனம். நானே எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

ஆனால் அந்தக் கோபம் யாருடையது? என்னுடையது. எனக்கு அந்த மாதிரிக் கட்டடங்களின் வாசலில் அவமானப்பட்ட அனுபவம் உண்டு. அதை மடித்து அவள் கையில் கொடுத்து, "உள்ளே போய் இதைச் சொல்லம்மா" என்று அனுப்பப் பார்த்திருக்கிறேன். மேல்மாடியில் சார் செய்ததற்கும் நான் மேஜையில் உட்கார்ந்து செய்வதற்கும் வித்தியாசம் என்னவென்று யோசித்தேன். அவரிடமாவது, பிள்ளைகள் வாய் மூடி உட்கார்ந்துவிடக் கூடாதே என்ற கவலை இருந்தது. எனக்குக் கதை நன்றாக வர வேண்டும் என்ற கவலைதான்.

எனவே மூன்று விடைகளையும் ரத்துசெய்கிறேன். மேஜைமேல் அந்த அட்டை மட்டும் இருக்கட்டும்.

6.

பஸ் செஞ்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வர ஆரம்பித்தன. அலீனா விடவில்லை.

"சொல்லேன்க்கா, நீ எந்த பில்டிங்க சொன்ன?"

"எதியோ சொன்னேன். வுடு."

"கோட்டயா?"

"இல்ல."

"எல்.ஐ.சி.யா?"

"ஏன்டி, ஊர்ல இருக்கிற பில்டிங்குலாம் ஒண்ணொண்ணா கேட்டுக்கினே வருவியா?"

"என்கிட்ட சொல்ல இன்னா ஒனக்கு? சாருகிட்ட சொல்ல மாட்டேன், சத்தியமா."

"நீ சொல்லலன்னாலும் அவுருக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா அடுத்த பேட்சுல எல்லாரையும் அத்தயே மனப்பாடம் பண்ண வெச்சிடுவாரு. உரக்கடைக்காரர் வரைக்கும் சொல்லிக்கினு இருப்பாரு. அது எனக்கு வேணாம்."

அலீனா சிரித்தாள். கலைமதி சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவ்வளவு நேரம் கேட்டது தெரிந்துபோயிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அலீனா, குரலை இறக்கி, "மார்க்கு வந்துடுமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலடி."

"வர்லன்னா?"

"வர்லன்னா அந்த வேல போச்சி. திண்டிவனத்துலயே நைட் டூட்டி பாத்துக்கினு கெடக்க வேண்டியதுதான்." அப்புறம் அவளாகவே, கேட்காமலே, சொன்னாள்: "முந்தி ரெண்டு தடவயும் பாதியில நின்னுபூட்டேன். சார் குடுத்த வரி தீந்துபோச்சின்னா அதோட செரி. வாயே தெறக்கல. எக்ஸாமினரும் நானும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு ஒக்காந்திருந்தோம். இன்னிக்கி தப்புத்தப்பா பேசுனேன், அது எனக்கே தெரியுது. ஆனா நேரம் முடிஞ்சிடுச்சி போதும்னு அந்தம்மா கை காட்டுது அலீனா, நான் பாட்டுக்குப் பேசிக்கினே இருக்கேன்."

7.

முடிவுகள் வர இன்னும் நாள் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இருவரும் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். அவை வந்தபின் அந்த ஆஸ்பத்திரி இடம் கலைமதிக்குக் கிடைத்ததா என்று நான் விசாரித்து எழுதலாம், விசாரிக்கமாட்டேன். "கிடைத்தது" என்று எழுதும் தைரியமும் இல்லை, "கிடைக்கவில்லை" என்று எழுதும் மனமும் இல்லை. அது எந்தக் கட்டடம் என்பதையும் என்னிடம் கேட்காதீர்கள். தெரிந்திருந்தாலும் அச்சில் ஏற்றியிருக்க மாட்டேன்.

அதனால் இப்போது தேர்வாளரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் செஞ்சியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த ஒரு பெண், தான் மட்டும் பார்த்த ஏதோ ஒரு கட்டடத்தின் படிகளில், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கிறாள். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. விதிப்படி நீங்கள் இப்போது கையை உயர்த்த வேண்டும்.