ராசப்பனைத் தூக்கிய தட்டு

பாலக்கரையில் மைக்செட் வைத்திருக்கும் ராசப்பன், ஒரு குறிப்பிட்ட இசைத்தட்டு சுற்றும்போது மட்டும் தரையை விட்டு நான்கு விரற்கடை மேலே மிதப்பார். அதே இசையைப் பென்டிரைவில் போட்டால் மிதக்க மாட்டார். கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முடித்ததும் முதலில் போடும் நாகஸ்வரத் தட்டு அது. மூன்றேகால் நிமிடம் ஓடும். சமயபுரத்தில் பூச்சொரிதல் திருவிழாச் சமயம், தண்ணீர்ப் பந்தலுக்காக வேப்பமரத்தில் குழாய் கட்ட ஏறியவர் கிளையோடு கீழே வந்தார். அதன்பின் கால்கள் பெயருக்குத்தான் இருந்தன. இரண்டு வருடம் அவர் சுவரைப் பார்த்தார். அவர் மனைவி இருசம்மாள் அவரைப் பார்த்தாள். வீட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைகளுக்கு மேல் செலவாகவில்லை. ஒரு காலையில் அந்த அமைதி பொறுக்காமல்தான் இருசம்மாள் தட்டைச் சுழல விட்டாள். ஊசி துள்ளியது. துள்ளும் ஊசியின் தலையில் சில்லறைக் காசு வைத்து அழுத்துவது மைக்செட்காரர்கள் வழக்கம். அவள் கைக்கு அகப்பட்டது பழைய, தடித்த ஐந்து ரூபாய் நாணயம், அதை வைத்துவிட்டாள். ஊசி தட்டை உழுதது. நாகஸ்வரத்துக்குள் கடுகு வெடிப்பதுபோல் ஒரு கரகரப்பு எழுந்தது. ராசப்பனும் எழுந்தார்.

"இருசு, ஃபேன நிறுத்து, தலையில பட்டுரும்."

"நாலு விரலுக்கா? ரொம்பப் பயமா இருந்தா குனிஞ்சுக்குங்க."

அன்றிலிருந்து அவர் சுவரில் விரலை ஊன்றித் தள்ளித் தள்ளி, யாரையும் கூப்பிடாமல் கழிவறைக்குப் போய் வந்தார். மூன்றேகால் நிமிடத்துக்குள் திரும்ப மூன்று வாரம் பழக வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு முறை நடைவழியில் இறங்கிவிட்டார்.

தில்லைநகரில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் சித்தார்த், ராசப்பனின் அக்கா மகன், அந்த நாணயத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான். "அத்தை, இது தட்டைக் கொல்ற வேலை. இன்னும் எத்தனை தடவை தாங்கும்? அப்புறம் மாமாவுக்கு நாற்காலிதான்." இருசம்மாளுக்கும் அந்தப் பயம் இருந்தது. தட்டைக் கொடுத்தனுப்பினாள். ஒரு வாரத்தில் அவன் கொண்டுவந்த பதிவில் கரகரப்பு ஒரு பொட்டுகூட இல்லை. வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்டது, அவ்வளவு துல்லியம். ராசப்பன் அசையவில்லை. அடுத்து சித்தார்த், கரகரப்பைத் துடைக்காத பதிவையே கொண்டுவந்தான். சேலையைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் தட்டையும் பதிவையும் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டான். இருசம்மாள் ஸ்கேல் பிடித்து அளந்தாள். இருபது முறை நடந்தது. பதிவுக்கு முதல் தடவை அரை விரல் எழும்பியவர், அப்புறம் எழும்பவே இல்லை. தட்டுக்கு ஒவ்வொரு முறையும் எழுந்தார், கடைசி முறை ஐந்து விரல். பதிவில் ஒவ்வொரு வெடிப்பும் எப்போதும் அதே இடத்தில், அதே அளவில் வந்தது. எத்தனை முறை கேட்டாலும் அதற்கு ஒன்றும் நஷ்டமில்லை. தட்டோ ஒவ்வொரு சுற்றிலும் தன்னில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டுத்தான் பாடியது.

"தேயத் தேயத்தான் மாமா ஏறுறாரு," என்றான் சித்தார்த். "ஆனா முழுசாத் தேஞ்சுட்டா? உறையில போட்டு வைங்க அத்தை. அவசரத்துக்கு மட்டும் எடுக்கலாம்."

 ராசப்பன் சொன்னார்: "ரெண்டு வருஷமா என்னையும் அப்படித்தான்டா உறையில போட்டு வச்சிருந்தாங்க."

இருசம்மாள் எழுந்து போய், ஊசியின் மேல் இரண்டாவது நாணயத்தை வைத்தாள்.

எட்டு மாதத்தில் நாகஸ்வரம் பாதி கரைந்தது, ராசப்பன் உத்தரத்தைத் தொட்டார். அடுத்த பூச்சொரிதலுக்கு அதே தண்ணீர்ப் பந்தலில் குழாய் கட்டும் வேலையை அவரே கேட்டு வாங்கினார், அதே வேப்பமரத்தில். பலர் வேண்டாம் என்று தடுத்தார்கள். இருசம்மாள் ஆட்டோவில் ஏறி, பிளேயரை மடியில் வைத்துக்கொண்டாள். மரத்தடியில் ஊசியை வைத்ததும் அவர் கிளைகளுக்கிடையே போனார். முதல் குழாயைக் கட்டி முடிப்பதற்குள் மூன்றேகால் நிமிடம் ஆகிவிட்டது. வாசிப்பு நின்றது. கூட்டம் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. ஊசி தட்டின் நடுவில், பாட்டில்லாத கடைசி வளையத்துக்குள் போய், வெறும் இரைச்சலோடு சுற்றிச் சுற்றி வந்தது. ஊசியை எடுக்கச் சொல்லித்தான் எல்லோரும் கத்தினார்கள், கடைசி வளையத்தில் ஊசியை விடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். இருசம்மாள் பிளேயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரையும் தொட விடவில்லை. அந்த வளையமும் தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

"கத்தாதீங்கய்யா," என்று மேலிருந்து குரல் வந்தது. "இருசு, இன்னொரு கயிறு குடு."

இப்போது அந்தத் தட்டில் நாகஸ்வரம் இல்லை. கையால் தடவினால் கண்ணாடிபோல வழுக்கும். நாணயங்கள் மூன்றாகிவிட்டன. பாலக்கரையிலும் ஸ்ரீரங்கத்திலும் காலையில் குழாயிலிருந்து இரைச்சல் மட்டும் கேட்டால், எந்தத் தெருவில் கல்யாணம் என்று ஆட்கள் விசாரிக்கிறார்கள். தட்டு சுற்றும்வரை ராசப்பன் மேலேயே இருந்து வேலை பார்க்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு இறங்குகிறார். மின்வாரிய லைன்மேன் மதுரைவீரன் பழுது பார்க்கக் கரண்ட்டை நிறுத்துவதற்கு முன்னால் முதல் போனை இருசம்மாளுக்குத்தான் போடுகிறார். "அக்கா, பத்து நிமிஷத்துல லைனை எடுக்கப் போறேன். மாமாவ இறக்கிக்குங்க."